வெர்ப்லியூத்

பெருநாளுக்கு மறுநாள், அரியமான் கடற்கரை.
சவுக்குத் தோப்பின் நிழல் முடிகிற இடத்தில்
ஓர் ஒட்டகம் நின்றது.
பத்து நிமிடச் சவாரிக்கு நூறு ரூபாய்.
கழுத்தில் பிளாஸ்டிக் சாமந்தி.
கயிற்றின் மறுநுனியில் பூராராம்,
ஜோத்பூருக்கும் அந்தப் பக்கத்து ஆள்,
'வாங்கோ' என்ற ஒரே சொல்லில்
தமிழ் முழுவதையும் முடித்துக்கொண்டவன்.

அக்கா மகன் நுஸைருக்கு இரண்டரை வயது.
பார்த்தான்.
வாயிலிருந்த தொதலை விழுங்க மறந்தான்.
பிறகு கரையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:
'ஆனை!'

எல்லோரும் சிரித்தார்கள்.
ஃபோனில் பிடிப்பதற்காக
இன்னொரு முறை சொல்லச் சொன்னார் மச்சான்.
நான் சிரிக்கவில்லை.
ஆறு வருடம் இருந்த ஊருக்கு
ஒரு நொடியில் போய்விட்டேன்.

ஓரென்பூர்க்.
உம்மாவின் எட்டுப் பவுனும் வாப்பாவின் கடனும் சேர்ந்து
என்னை மருத்துவம் படிக்க அனுப்பிய ஊர்.
அதன் வாலில் தொங்கும் பூர்க்கும்
நம் ராமநாதபுரத்துப் புரமும் பங்காளிகள் என்று
முதல் குளிர்காலம் முழுக்க நம்பினேன்.
ஊர் நினைப்பு வந்தவளுக்கு எந்தச் சொல்லும் சொந்தம்தான்.
அகராதி ஒத்துக்கொள்ளவில்லை.
பூர்க் ஜெர்மன்காரன் கட்டிய கோட்டை;
புரம் வேறு பாதையில் வந்தது.
முகச்சாயல், அவ்வளவுதான்.
விடுதி வாசலில் உட்கார்ந்து
என் பனி ஒட்டிய காலணியைத் திட்டுவாளே,
அவள் வேலைக்குப் பெயர் வஹ்த்யோர்.
அதுதான் நம் வாச்மேனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.
அவளை உறவென்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒட்டகத்துக்கு அங்கே வெர்ப்லியூத்.
அதன் கதையை
உடற்கூறு நூலுக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தேன்.
கிரேக்கன் யானையை எலெஃபாஸ் என்றான்.
ரோமாபுரி அதைக் கைமாற்றாக வாங்கியது.
வடக்கே கோத் என்றொரு ஜெர்மானியக் கூட்டம்.
அவர்களில் யானையைக் கண்டவர் எத்தனை பேரோ,
ஒட்டகத்தைக் கண்டவர் எத்தனை பேரோ,
உல்பந்துஸ் என்று சொல்லிவிட்டார்கள்
ஒட்டகத்தைப் பார்த்து.
எவனோ ஒருவன் தப்பாகக் கைகாட்டியிருக்க வேண்டும்.
பக்கத்தில் சிரிக்க ஆளில்லை.

ஸ்லாவியர் கைக்கு வந்தபோது
சொல்லுக்குள் இருந்த யானை கரைந்துபோயிருந்தது.
பொருள் தெரியாத சொல்
பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள் மாதிரி உறுத்தும்.
'வெல்' என்றால் பெரிது, 'ப்லூத்' என்றால் அலைச்சல் என்று
தாங்களே ஒரு தையல் போட்டுக்கொண்டார்கள்.
பேரலைச்சல்காரன்.
அப்புறம் ஒரு ல், ர் ஆயிற்று.

நாம் மட்டும் சும்மா விட்டோமா?
முதுகில் ஒட்டிக்கொண்ட அகம், அதனால் ஒட்டகம் என்று
ஏழாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னாள்.
நானும் பரீட்சையில் எழுதினேன்.
தப்பு போட்டார்கள்.

அந்த நாட்டுக்கு ஹ வராது.
போன ஹஸீனா
சான்றிதழில் கஸீனாவாகத் திரும்பி வந்தாள்.
ஒரே ஓர் எழுத்தைத் திருத்த ஏழு மாதம்.
வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தேர்வில்
இரண்டு முறை விழுந்தாயிற்று, மூன்றாவது டிசம்பரில்.
அதுவரை ஸ்கேன் சென்டரில்
பிறர் வயிற்றுக் கற்களைத் தட்டச்சு செய்கிறேன்.
அங்கே என் பெயர் அசீனா.
திருத்துவதில்லை.

ஒட்டகம் மடிந்து உட்கார்ந்தது.
நுஸைரை மச்சான் மேலே ஏற்றினார்.
கடல் அன்றைக்கு அலையே இல்லாமல்
கஞ்சித் தண்ணீர் போல் கிடந்தது.
பயத்தில் மயிரை இறுகப் பிடித்தபடி
என்னைத்தான் கேட்டான்:
'சாச்சி, இது ஆனைதானே?'

'ஆனைதான்' என்றேன்.

'டாக்டருக்குப் படிச்சவ
பிள்ளைக்குச் சொல்லித் தர்ற லட்சணத்தைப் பாரு'
என்றாள் அக்கா.

பூராராம் கயிற்றைச் சுண்டினான்.
யானை எழுந்தது,
பின்னங்கால்கள் முதலில்.